சங்கிலி மாட்டிய பிறகு பத்து நிமிடம்

தைவானின் சிச்சின் தீவுப் படகுத்துறையில் பதினோரு வருடமாக வாசலில் நிற்பவள் பெய்சின். மோட்டார் சைக்கிள்களை முதலில் கீழ்த்தளத்துக்கு விடுவாள், நடந்து வருபவர்களை மேல்தளத்துக்கு அனுப்புவாள், மணி அடித்ததும் சங்கிலியை இழுத்து மாட்டுவாள். மாட்டினால் மாட்டியதுதான். அழுதாலும் திட்டினாலும் கழற்ற மாட்டாள். கணவன் மறந்துவிட்ட சாப்பாட்டை எடுக்கத் திரும்பிப் போய் ஓடி வந்தபோதும், சங்கிலியைக் கழற்றாமல் அவன் கண்ணெதிரே படகைக் கையாட்டி அனுப்பியவள். சொந்த அண்ணியைக்கூட விடவில்லை. அண்ணி தன் தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தி, மொய்ப்பணம் வைத்த சிவப்பு உறையைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கண் மை கன்னத்தில் வழிந்து கொண்டிருந்தது. பெய்சின் தலையை மட்டும் ஆட்டினாள். அண்ணி கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குடும்பப் புகைப்படம் எடுத்து முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அண்ணி இவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இவ்வளவு கறாரான ஆள், வருடத்துக்கு ஒரு வார இறுதியில் மட்டும் தவறாமல் தாமதமாகப் போவாள். அதுதான் வேடிக்கை.

படகு போய்ச் சேரும் அக்கரையில், காவ்சியுங் நகரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரக் குறும்படப் போட்டி நடக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்குக் குலுக்கல். ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்தால், எந்த வகைப் படம் என்று தெரியும். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு பொருளும் ஒரு வசனமும் கொடுப்பார்கள். இரண்டும் படத்தில் வந்தே ஆக வேண்டும். ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஞாயிறு மாலை ஏழரைக்குள் படம் துறைமுகத்துப் பழைய கிடங்கு அரங்கில் வந்து சேர வேண்டும். பெய்சினின் குழு ஆறு வருடமாகக் கலந்து கொள்கிறது. ஆறு வருடமும் தாமதம். முதல் வருடம் ஒலி பதிவாகவே இல்லை. அடுத்த வருடம் நாயகன் மாமனார் வீட்டு விருந்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. அதற்கடுத்து ஒரு புயல். போன வருடமோ, வெட்டி ஒட்டிய படத்தை ஒரே கோப்பாக மாற்றும்போது கணினி தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் வந்து நின்று அசைய மறுத்தது.

தாமதமாக வரும் படத்தையும் திரையிடுவார்கள். ஆனால் பரிசுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தலைப்புக்கு முன்னால் கறுப்புத் திரையில் 'தாமதமாக வந்தது' என்று ஓர் அட்டை போடுவார்கள். படகுத்துறை ஆட்கள் வருடா வருடம் கூட்டமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதே அந்த அட்டைக்காகத்தான். அது வந்ததும் விசிலடித்துக் கொண்டாடுவார்கள். முன்னால் நின்று கொண்டாடுபவர் துறையில் படகுக்குக் கயிறு கட்டும் ஹோங் அண்ணன். மணி பார்த்துச் சங்கிலி போடுகிறவளின் படத்துக்கு இப்படி ஒரு அட்டையா என்று அடுத்த ஒரு மாதம் துறை முழுக்கச் சிரிப்பு. பெய்சினும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும். இந்த வருடம் அந்த அட்டை இல்லாமல் படம் தொடங்க வேண்டும், பரிசு யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று அவள் ஹோங்கிடமே சபதம் போட்டிருந்தாள்.

குழுவின் டைரக்டர் குவாங்லி. மற்ற நாட்களில் ஸ்கூட்டர் மெக்கானிக். படத்தை வெட்டி ஒட்டுவது நிங் என்ற பெண், பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். பெய்சினின் வேலை குறிப்பு எழுதுவது. ஒவ்வொரு ஷாட்டும் எத்தனையாவது டேக், யார் எந்தக் கையில் கோப்பையைப் பிடித்தார்கள், கோப்பையில் தேநீர் எவ்வளவு என்று எல்லாமே அவள் நோட்டில் ஏறும். கொசு கடித்ததையும் எழுதுவீர்களா அக்கா என்று குவாங்லி ஒருமுறை கிண்டலாகக் கேட்டான். அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 'டேக் 2. கொசு. நாயகி தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்' என்று இருந்தது.

இந்த வருடம் சீட்டில் வந்தது காதல். வாள்சண்டைக் கனவில் இருந்த குவாங்லி தலையில் கை வைத்துக்கொண்டான். பொருள், கிழிந்த குடை. வசனம், 'இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு.' கிழிந்த குடை என்றதும் பெய்சினுக்குத் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகள் துறையில் அனாதையாகக் கிடக்கும் கூடை ஞாபகம் வந்தது. அதை அவள் ஒரு வரியில் சொன்னாள், அதிலிருந்து கதை பிறந்தது. மழையில் முன்பின் தெரியாத ஒருவன் தன் கிழிந்த குடையைப் பெண்ணொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறான். அவள் அதைத் திருப்பிக் கொடுக்கத் தீவு முழுக்க அவனைத் தேடுகிறாள். கடைசியில் அவன் படகேறிவிட்டான் என்று தெரிந்து, துறையில் நின்று அழுகிறாள். வசனத்தை நூடுல்ஸ் கடைக்காட்சியில் வைத்தார்கள். கூட்டமான மேசையைக் காட்டிக் கடைக்காரர் அவளிடம் சொல்வதாக.

சனிக்கிழமை முழுக்க ஓட்டம். விடியற்காலையில் ஊதுபத்தி கொளுத்தி, பழங்கள் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கியவர்கள், சூரியன் இறங்கும் வரை நிற்கவில்லை. நாயகியாக நடித்த உடற்பயிற்சி ஆசிரியை யாவென் கடற்கரை மணலில் பதினான்கு தடவை ஓடினாள். குவாங்லி ஒவ்வொரு தடவையும் 'அருமை, இன்னொண்ணு' என்றான். யாருக்கும் பசி தெரியவில்லை. பெய்சினின் பேனா இரண்டு முறை தீர்ந்தது. வாழ்க்கையில் இந்த இரண்டு நாள்தான் தனக்கு முழுசாக உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு மாலை ஆறே காலுக்கு நூடுல்ஸ் கடைக்காரரிடம் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கப் பெய்சின் கிளம்பினாள். அவர் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட இருபது நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது நிங் சாய்ந்து உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக் கொண்டிருந்தாள். எட்டு நிமிடத்துக்கு மேல் நீண்டிருந்த படம் ஆறு நிமிடம் ஐம்பத்தைந்து நொடிக்கு வந்துவிட்டது. மடிக்கணினி மேல் வழக்கம்போல ஒரு பச்சைநிறச் சோளப்பொரிப் பொட்டலம். பச்சைப் பொட்டலம் மேலே இருந்தால் எந்த இயந்திரமும் சொன்னபடி கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மஞ்சள் வைத்தால் முரண்டு பிடிக்கும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது, பிரிக்கவும் கூடாது. போன வருடம் பசி தாங்காமல் அதைப் பிரித்துத் தின்றவன் குவாங்லி. கணினி தொண்ணூற்றெட்டில் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது நிங்கின் தீர்ப்பு. இந்த வருடம் அவனைப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை.

இரண்டு ஸ்கூட்டரில் துறைக்குப் பறந்தார்கள். மணி ஆறு ஐம்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வெளியே தெருவரை நின்றது. மோட்டார் சைக்கிள் பாதையில் இவர்கள் வாசலை எட்டிய நொடியில் மணி அடித்தது. பெய்சின் விடுப்பில் இருந்ததால் அன்று வாசலில் ஹோங். அவர் சங்கிலியை இழுத்தார், மாட்டினார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

குவாங்லி கை கூப்பினான். "அண்ணே, ரெண்டே ரெண்டு வண்டி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஹோங் அவனைப் பார்க்கவில்லை. "பெய்சின், நீ சொல்லு. கழட்டட்டுமா?"

படகு இன்னும் நகரவில்லை. கீழ்த்தளத்தில் பின்பக்கம் இடம் தெரிந்தது. கழற்று என்று பெய்சின் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்னால், நாளைக்கு எந்த முகத்தோடு இதே இடத்தில் நிற்பது?

"வேண்டாண்ணே. மாட்டினா மாட்டினதுதான்."

படகு போய்விட்டது. அடுத்தது ஏழு பத்துக்கு. குவாங்லி ஸ்கூட்டர் மேலேயே குப்புறக் கவிழ்ந்துகொண்டான். நிற்கிற நேரத்தில் சமர்ப்பிப்புப் படிவத்தையாவது நிரப்பலாமே என்று பெய்சின் நோட்டைத் திறந்தாள். குடை எந்த நிமிடத்தில் வருகிறது என்று ஒரு கட்டம். எழுதினாள். வசனம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று அடுத்த கட்டம்.

"நிங், நூடுல்ஸ் கடை எத்தனாவது நிமிஷம்?"

நிங்கின் முகம் வெளுத்துப் போனது.

"அக்கா... நூடுல்ஸ் கடையத் தூக்கிட்டேன். நீளமா இருந்துச்சு. அதுல சாப்பிடுறாங்க, வேற ஒண்ணும் நடக்கலையேன்னு..."

கட்டாய வசனம் இல்லாத படம் போட்டியிலேயே சேராது. சரியான நேரத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்தாலும் சேராது. போன படகில் ஏறியிருந்தால் இது தெரியாமலே பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். குவாங்லி எழுந்து, அந்தக் காட்சியை ஒட்டிவிடு என்றான். ஒட்டினால் ஏழு நிமிடம் தாண்டும். வேறெதையாவது வெட்டு என்றான். பத்து நிமிடத்தில் எதை வெட்டுவது, எப்படிச் சேர்ப்பது என்று நிங் அழ ஆரம்பித்தாள். எல்லாம் போச்சு, இந்த வருடமும் அட்டைதான் என்றான் அவன்.

பெய்சின் யார் சொன்னதையும் கேட்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக் கொண்டிருந்தாள். காட்சி ஒன்பது, துறை, கடைசி ஷாட். டேக் 1, அழுகை போதவில்லை. டேக் 2, பின்னால் நாய். டேக் 3, 'நான்காவது நொடியில் காரணமே இல்லாமல் படகுப் பக்கம் திரும்பி இரண்டடி வைத்தாள். முகம் தெரியவில்லை. வீண்.'

"நிங், ஒன்பதுல மூணாவது டேக் இருக்கா?"

"இருக்கு. அது வீண்னு நீங்கதான் எழுதினீங்க."

"அவ ஏன் திரும்பறான்னு காரணம் இல்ல. நாம குடுப்போம். துறை ஒலிபெருக்கியில அந்த வசனம் கேக்குது. அதக் கேட்டுத் திரும்பறா."

குவாங்லி வாயைத் திறந்து மூடினான். அழுதுகொண்டு நிற்கப்போகிற நாயகி இப்போது படகைப் பார்த்து நடப்பாள். படத்தின் முடிவே மாறிவிடும். அவன் பெய்சினின் தோளைப் பிடித்து உலுக்கினான். யார் குரல் என்று நிங் கேட்கக்கூட இல்லை, கைபேசியை நேராக இவள் வாய்க்கு முன்னால் நீட்டினாள். தினமும் அந்த ஒலிபெருக்கியில் கத்துவது பெய்சின்தானே.

முதல் தடவை வாசல் குரலில் சொன்னாள். திட்டுற மாதிரி இருக்கு அக்கா என்றாள் நிங். இரண்டாவது தடவை அரசாங்க அறிவிப்பு போல வந்தது. மூன்றாவது தடவை பெய்சின் கண்ணை மூடினாள். சங்கிலிக்கு அந்தப் பக்கம் பட்டு உடையும் சிவப்பு உறையும் வழிந்த மையுமாக ஒருத்தி நின்றாள்.

"இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு" என்றாள்.

நிங் பதிவை நிறுத்தினாள். பின்னால் கேட்ட படகு எந்திரச் சத்தமும் அப்படியே பதிவாகி, நிஜத் துறையாகவே ஒலித்தது.

ஏழு பத்துப் படகில் ஹோங் இவர்களை முதல் வண்டியாக விட்டார். தண்ணீரின் மேல் ஐந்து நிமிடத்தில் நிங் ஷாட்டை மாற்றி, குரலைப் பொருத்தி, படத்தை மறுபடி ஒரே கோப்பாக மாற்ற ஆரம்பித்தாள். திரையில் நான்கு சதவீதம். கரை வந்துவிட்டது. மூடினால் கணினி தூங்கிவிடும், திறந்து வைத்தால் காற்றில் பிய்த்துக்கொண்டு போகும். பெய்சின் தன் நோட்டை விசைப்பலகை மேல் வைத்து மூடியை அதன் மேல் பாதி சாய்த்தாள். மேலே பச்சைப் பொட்டலத்தை வைத்துத் தலைமுடி ரப்பரால் கட்டினாள். நிங் அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார, குவாங்லி வண்டியை விட்டான். இன்னொரு வண்டியில் பெய்சின் முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வழி விலக்கிப் போனாள்.

கிடங்கு வாசலில் மணி ஏழு இருபத்துமூன்று. கணினி தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. மூன்று பேரும் மூச்சை அடக்கிக் கொண்டார்கள். குவாங்லி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பொட்டலத்திலிருந்து ஓரடி விலகி நின்றான். தொண்ணூற்றொன்பது. நூறு. பென் டிரைவில் ஏற்றுவதற்குள் கணினியில் மின்சாரம் மூன்று சதவீதத்துக்கு வந்துவிட்டது. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்தபடி வழியை அடைக்கச் சிவப்புக் கயிற்றைத் தயாராகப் பிடித்திருந்தாள். அந்த நிற்கும் விதம் பெய்சினுக்கு மிக நன்றாகத் தெரியும். ஏழு இருபத்தெட்டுக்கு டிரைவையும் படிவத்தையும் அவள் கையில் வைத்தாள். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பெண் கயிற்றை மாட்டியபோது, வெளியே வேறொரு குழு ஓடி வந்து கொண்டிருந்தது. பெய்சின் முதல்முறையாக அந்தப் பக்கத்து ஆட்களின் முகத்தை நின்று பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை திரையிடல். படகுத்துறை ஆட்கள் இரண்டு வரிசை முழுக்க உட்கார்ந்து விசிலுக்கு விரலை வாயில் வைத்துத் தயாராக இருந்தார்கள். கறுப்புத் திரை வந்தது. அட்டை வரவில்லை. நேராகத் தலைப்பு வந்தது. ஹோங் விரலை வாயிலிருந்து எடுத்தார். பெய்சின் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள், அந்தச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி ஷாட்டில் யாவென் துறையில் நின்றாள். ஒலிபெருக்கியில் பெய்சினின் குரல் கேட்டது. யாவென் திரும்பினாள், படகை நோக்கி இரண்டடி வைத்தாள், படம் முடிந்தது. அரங்கம் கைதட்டியது. ஹோங் பெய்சின் பக்கம் சாய்ந்தார். "பதினோரு வருஷத்துல உன் வாயால இத நான் கேட்டதே இல்ல."

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. குவாங்லி பொட்டலத்தைப் பிரிக்க அனுமதி கேட்டான், நிங் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது வாசல் தூணோரம் அண்ணி நின்றிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. டிக்கெட் கொடுத்து அனுப்பியது பெய்சினின் சொந்த அண்ணனாக இருக்கும். பெய்சினைப் பார்த்ததும் கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கும் ஒருத்தருக்கு இடம் இருந்துச்சுல்ல?" என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. படகில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை இடம் காலி என்று பெய்சினுக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும்.

"இருந்துச்சு அண்ணி" என்றாள்.