முத்திருளப்பன் சார் பார்த்துக்கொடுத்த பிரிண்டர்

பாலவனத்தம் நிறுத்தத்தில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் போன் செய்தார். "முத்திருளப்பன் சார் தவறிட்டாரு" என்றார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்துவிடுவார் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். வந்த பஸ்ஸில் ஏறாமல் அப்படியே நின்றேன்.

திருச்சுழிப் பக்கம் நம் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார், நான் கம்ப்யூட்டர் வாத்தியார். ஆனால் பிரிண்டர் வாங்கப்போன ஒருவராவது என்னிடம் வந்ததுண்டா? இதைப் படிக்கிற சக ஆசிரியர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தது நான். எல்லாப் பிரிண்டரும் லினக்ஸோடு ஒத்துப்போகாது. பிரிண்டர் என்றதும் நீங்கள் போனது அவரிடம். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் கொஞ்சம் எரிகிறது.

பிரிண்டர் கடைக்கு அவர் லினக்ஸ் போட்ட தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவார். "பெட்டியில போட்டிருக்கறது விண்டோஸுக்காரவுகளுக்கு. நம்ம லேப்டாப்புல இருந்து ஒரு தாளு வெளிய வரட்டும், பெறகு பேசுவோம்" என்பார். டிரைவர் மென்பொருள் எதுவும் ஏற்றாமல் வைஃபையிலேயே அடிக்கிறதா, ஸ்கேனும் வருகிறதா என்று பார்ப்பார். கடைக்காரர் முகம் சுளித்தால் அவருக்கும் சேர்த்து டீ சொல்வார்.

எங்கள் வீட்டுக்கு வாங்கிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தேடித் தேடிப் படித்து, இந்த மாடல்தான் என்று முடிவு செய்தவன் நான். என் மனைவியோ, "எதுக்கும் முத்திருளப்பன் சாரை ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்றாள். கடைக்கு வந்தார். நான் காட்டிய பிரிண்டரில் ஒரு தாள் அடித்தார். சுத்தமாக வந்தது. அவர் செய்தது அவ்வளவுதான். அன்று முதல் வீட்டில் அது 'முத்திருளப்பன் சார் பாத்துக் குடுத்த பிரிண்டர்'. "எடுத்தது சாருதாம்மா, நான் சும்மா கூட வந்தேன்" என்று அவர் மறுத்தார். மறுத்ததால் பெருந்தன்மையானவர் என்ற பேரும் அவருக்கே போனது. நான் என்னதான் செய்வது?

கிளம்பும்போது, "நம்ம ஊரு வெயிலுக்கு அடிக்காமப் போட்டா இங்க் காஞ்சு அடச்சுக்கிரும். வெள்ளிக்கெழமதோறும் கலர்ல ஒரு தாளு அடிச்சிருங்க" என்றார். தன் வீட்டில் அதைத்தான் செய்தார். வெள்ளிக்கிழமை அடித்த படத்தைத் திங்களன்று ஆசிரியர் அறையில் யாரிடமாவது நீட்டுவார். உங்கள் பிள்ளைகளின் முகங்கள் அப்படித்தான் உங்கள் சுவர்களுக்கு வந்தன. எனக்கு மட்டும் அவர் சொல்லி நான் கேட்பதா என்று இருந்தது. அடிக்கவில்லை.

மாலை போட அவர் படம் வேண்டியிருந்தது. அவருடைய பிரிண்டர் ஆஸ்பத்திரி நாட்களில் காய்ந்துபோயிருந்தது. அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். "சார், உங்க வீட்டுலயும் அவுக பாத்துக் குடுத்தது இருக்காம்ல? அதுல ஒரு படம் அடிச்சுத் தாரீகளா?"

முதல் தாளில் அவர் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள். இங்க் வரும் ஹெட்டைக் கழுவிவிட்டு அடித்தேன். மறுபடியும் கழுவி அடித்தேன். போட்டோத் தாள் தீரப்போகிற நேரத்தில் சிரித்த முகம் முழுசாக வந்தது.

அதைக் கையில் வாங்கிய அந்த அம்மா, "அவுக பாத்துக் குடுத்ததுல்ல, எம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு" என்று அழுதார். எடுத்தது நான் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாங்கம்மா, சாரு பாத்துக் குடுத்ததுதான்" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கலர்த் தாள் அடிக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் படங்களை அனுப்புங்கள். அவருடைய நல்ல படம் அவர் வீட்டில் இருக்கிறது. கோடு விழுந்த அந்த முதல் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எல்லோருக்கும் சொந்தமாக இருந்த மனிதர். இந்தத் தாளை மட்டும் நான் யாருக்கும் தரமாட்டேன்.