பங்கருக்குள் கறையான்

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கிய பிறகு, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் பங்கர் இல்லாத வளவே இல்லை. எங்களுடையதை என் கணவர் அவசரத்தில் வெட்டியிருந்தார். கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டி, மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி, பழைய சேலைகளில் தைத்த பைகளுக்குள் மண் நிரப்பிப் போட்டார். குண்டு போடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் நானும் ஐந்து வயது மகளும் கணவரின் அக்காவான மச்சாளும் அதற்குள் இறங்கிவிடுவோம். மச்சாளுக்கு முழங்கால் வருத்தம். படியிறங்க நேரம் பிடிக்கும் என்பதால் இரைச்சல் கேட்டதும் முதல் ஆளாக வெளிக்கிடுவா. ஆகக் கடைசி மூலையில் ஒரு பலகை போட்டிருந்தது. அதுதான் அவவின் இடம்.

மாரி தொடங்கி முதல் பெருமழை விட்ட பின்னேரம், முற்றத்தில் நின்ற மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, பங்கருக்குள்ளை இருந்து ஈசல் வருது."

போய்ப் பார்த்தேன். வாசலால் ஈசல் புகைபோல எழும்பிக்கொண்டிருந்தது. கோழிகள் அடிபட்டுக் கொத்தித் தின்றன. மகள் சிரித்தாள். ஈசல் வெளிக்கிடுகிற இடத்தில் கறையான் குடியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

விளக்கைக் கொளுத்தி, கத்தியும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். மூலைச் சுவரில் பென்சில் பருமனில் ஈரமண் கோடு ஒன்று கூரைவரை ஏறியிருந்தது. சுரண்டினேன். வெள்ளைப் பூச்சிகள் பொலபொலவென்று கொட்டின. கத்திப் பிடியால் குற்றிகளைத் தட்டிப் பார்த்தேன். வாசல் பக்கம் கெட்டியான சத்தம். உள்ளுக்குப் போகப் போக வெறும் பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. மச்சாள் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே கத்தியைக் குத்தினேன். பிடிவரைக்கும் போனது.

கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். சைக்கிளைச் சாத்தியபடியே கேட்டார்.

"மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊத்தினால் என்ன?"

"கறையான் சாகும். மரம் திரும்பி வருமோ? உள்ளுக்கை எல்லாம் கோறை."

"நேற்றும் உதுக்குள்ளைதானே இருந்தனீங்கள்?"

"ஓம். இனிப் பிள்ளையை அதுக்குள்ளை இறக்கமாட்டன்."

விடிந்ததும் அவர் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்த் தானே குத்திப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. ரயில் ஓடாமல் போன பிறகு தண்டவாளத்துச் சிலிப்பர்கட்டைகளைத்தான் ஊரெல்லாம் பங்கருக்குப் போட்டார்கள். எங்கேயாவது கிடைக்குமா என்று பார்க்கச் சைக்கிளில் வெளிக்கிட்டார்.

"நான் வாறவரைக்கும் ஒருத்தரும் உதுக்குள்ளை இறங்கக்கூடாது. பொம்மர் வந்தால் வாழைக்குள்ளை வாய்க்காலிலை படுங்கோ."

மச்சாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தா.

நான் அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போது இரைச்சல் கேட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மச்சாளைக் காணவில்லை. பங்கர் வாசலில் அவவின் செருப்புக் கிடந்தது.

"மச்சாள், வெளியிலை வாங்கோ."

"வெட்டவெளியிலை நிண்டு சாகச் சொல்லுறியோ? நீ பிள்ளையைக் கொண்டு உள்ளை வா."

"கூரை தாங்காது. அவர் சொன்னது கேட்டனீங்கள்தானே?"

"இவ்வளவு நாளும் தாங்கினதுதானே."

பொம்மர் ஒரு வட்டமடித்துத் திரும்பியது. மகளை வாய்க்காலில் குப்புறப் படுக்க வைத்து, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பங்கருக்குள் இறங்கினேன். மேலே பார்க்க மனம் வரவில்லை. மச்சாளின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். முதலில் என்னைத் திட்டினா. பிறகு என் முகத்தைப் பார்த்து எழும்பினா. படியில் அவவின் முழங்கால் மடங்கவில்லை. பின்னாலிருந்து தோளால் முண்டுகொடுத்து ஏற்றினேன். வாழைக்குள் விழுந்து மகள்மேல் நான் கவிழ்ந்துகொண்டேன். மச்சாள் பக்கத்தில் சேற்றில் கிடந்தா.

குண்டு தண்டவாளப் பக்கம் விழுந்தது. வயிற்றுக்குக் கீழே நிலம் துள்ளியது. அதன் பின்னால் கிட்டத்தில் மெதுவாக ஏதோ சரிகிற சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தேன். பங்கரின் உள்பாதி இருந்த இடத்தில் பள்ளம் விழுந்து, சேலைப்பைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

மச்சாள் எழும்பி இருந்து கனநேரம் அதைப் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்தா. விடவில்லை. என்னோடு அதிகம் ஒட்டாதவ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவ என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கணவர் மத்தியானம் சிலிப்பர்கட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தார். பள்ளத்தைக் கண்டதும் சைக்கிள் அவர் கையிலிருந்து விழுந்தது. நாங்கள் குசினி வாசலில் நிற்பதைக் கண்டு ஓடி வந்தார்.

அடுத்த சில நாட்கள் மண்ணோடுதான் போயின. இடிந்த குற்றிகளை இழுத்தெடுத்து வளவுக்குள்ளேயே எரித்தோம். மூலையைத் தோண்டத் தோண்டப் புற்று வந்தது. அடியில் விரல் பருமனில் தாய்க் கறையான் கிடந்தது. கொதிதண்ணீர் ஊற்றி, விளக்குக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெயில் பாதியையும் ஊற்றினோம். சிலிப்பர்கட்டைகளைப் போடும்போது சுவருக்கும் கட்டைக்கும் இடையில் கல் வைத்தோம், கறையானின் மண் கோடு கல்லின்மேல் ஏறினால் கண்ணில் படட்டும் என்று.

செய்தி ஒழுங்கையில் பரவியது. எதிர்வீட்டுக்காரி வந்து தங்கள் பங்கரையும் ஒருக்கால் தட்டிப் பார்க்கச் சொன்னா. அங்கே குற்றிகள் நல்லாக இருந்தன. அவவின் பக்கத்து வீட்டில் வாசல் குற்றியே கத்திக்கு இடம்விட்டது. அந்த வீட்டுக்காரர் அன்றைக்கே மேல்மண்ணை இறக்கத் தொடங்கினார். நானும் மச்சாளும் அவர் இறக்கிய மண்பைகளை அவிழ்த்துக் கொட்டிக் கொடுத்தோம்.