சக்கரத்தைத் தாங்கும் பாகம்

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், நம் நாட்டிலேயே உருவாக்கிய இலகுரகப் போர் விமானத்துக்குச் சில பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். முதலில் அனுப்பியவை அத்தனையும் சோதனையில் தேறாமல் திரும்பி வந்தன. அன்று எங்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி செய்தோம், தேறின.

அந்த விமானம் மெரினாவுக்கு மேலே சாகசம் காட்டிய நாளில், காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவை ராயபுரத்து வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். இரைச்சல் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். அது செங்குத்தாக மேலேறியபோது என் கையை இறுகப் பிடித்தாள்.

“உள்ள ஆளு கீறானா?”

“ஒருத்தர் கீறார்மா.”

“அவனப் பெத்தவ இன்னா பாடு படுறாளோ.”

அப்பா கடலிலிருந்து திரும்பத் தாமதமாகும் நாட்களில் அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

“தரையில எறங்கசொல்ல சக்கரத்தத் தாங்குதுல்ல, அங்கதான்மா நாங்க செஞ்சது கீது,” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒழுங்கா செஞ்சியா?”

“நல்லா செஞ்சேம்மா.”

விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் நகரவில்லை. போனில் செய்தி பார்த்து, அது பத்திரமாக இறங்கிவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் கீழே வந்து சோறு வைத்தாள்.