கூட்டம் சேர்ப்பவர்

அந்த மலையடிவார ஊரில் மே தின ஊர்வலம் என்றால் குஸ்தாவ்தான். கம்யூனிஸ்ட் கட்சி ஆபீசில் அவருக்குக் கூட்டம் சேர்க்கும் வேலை. பஸ் பிடிப்பார், ஆலைக்கு லீவு வாங்குவார், முரண்டு பிடிப்பவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சதுக்கத்தில் ஒரு லாரி பன்றிக்கறி சாசேஜ் இறக்குவார். போலந்துக் கடைகளில் கறி கண்ணிலேயே படாத காலம் அது. ஜனங்கள் ஒரு கையில் கொடியும் மறு கையில் சாசேஜுமாக நடப்பார்கள். மேடையைத் தாண்டியதும் கொடியை மட்டும் கீழே போடுவார்கள். அதற்கே குஸ்தாவுக்குத் தலைகால் புரியாது.

எழுபத்தொன்பது ஜூனில் போப்பாண்டவர் வந்தார், இதே மண்ணில் பிறந்தவர். அவர் வந்து இறங்கியதிலிருந்து மேலிடத்துக்குத் தூக்கம் போயிற்று. டிவியில் கூட்டத்தைக் காட்டாமல் கிழவிகளையும் கன்னியாஸ்திரீகளையும் மட்டும் காட்டினார்கள். குஸ்தாவிடம் அது பலிக்குமா? சத்தத்தை வைத்தே லட்சக்கணக்கில் என்று கண்டுபிடித்துவிட்டார். வயிறு பற்றி எரிந்தது.

"பஸ் விடலை, ஒரு துண்டு கறி போடலை. எப்படிடீ சேருது?" என்றார் மனைவி லுட்விகாவிடம்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து நோவி தார்க் திடலில் போப் பூசை. மாவட்டச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க ஊர் ஜனம் அன்னிக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தோழர்" என்றார். குஸ்தாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். போப்போடு நேருக்கு நேர் மோத ஒரு வாய்ப்பு. போப்புக்கு இந்தப் போட்டி தெரியாது என்பது வேறு விஷயம். இரண்டு லாரி சாசேஜ் வரவழைத்தார். லுட்விகாவைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கால்வலி என்று அவருடைய ஊர்வலம் ஒன்றுக்குக்கூட வராதவள் அவள்.

விடிந்தபோது படுக்கையில் அவள் இல்லை. சாசேஜ் வரிசையில் முதல் ஆளாக நிற்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தார்.

சதுக்கத்தில் வரிசையே இல்லை. சாசேஜ் விற்கும் தெக்லா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே எல்லாரும்?"

"ராத்திரியே நடந்துட்டாங்க, தோழரே. என்னையும் விட்டிருந்தா போயிருப்பேன்."

"இத்தனை கறி இருக்குன்னு தெரியாதா அவங்களுக்கு?"

தெக்லா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இந்த ஊர்ல எவன் கவிச்சி தொடுவான்? உங்க அம்மா உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

சொல்லித்தான் தந்திருந்தாள். கட்சியில் சேர்ந்த பிறகு குஸ்தாவுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றாகிவிட்டது.

சாயங்காலம் லுட்விகா நொண்டிக்கொண்டே வந்தாள். காலுறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் அசதியே இல்லை. கல்யாணத்தன்றுகூட அவர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"என் ஊர்வலத்துக்கு மட்டும் கால் வலிக்கும், இல்ல?"

"இன்னிக்கும் வலிச்சுதுங்க."

"யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

"எல்லாரும். உங்க ஆபீஸ் ஆளுங்ககூட."

குஸ்தாவ் தொட்டியில் வெந்நீர் ஊற்றி அவள் காலடியில் வைத்தார். பிறகு, "என்னை ஏன் யாரும் கூப்பிடலை?" என்றார்.

லுட்விகா காலை வெந்நீரில் இறக்கினாள்.

"யாரையும் யாரும் கூப்பிடலைங்க."