மலைப்பாதையில் கேட்காமல் விட்டது

கடலுக்குப் புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள் என்று எங்கள் கரையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். தீவுக்கு வெளியே, நானாட்டானிலும் அடம்பனிலும் உள்ள வயல்காரர்கள் "தூரவோ?" என்று பட்டும் படாமலும் கேட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். எங்கள் கரையில் அதுவும் கிடையாது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வாசல் படலையைத் திறந்தால், வீட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இதை நான் பத்து வயதில் அடி வாங்கிப் படித்தேன்.

அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. ஒரு விடியற்காலை அவர் வெளிக்கிட்டபோது, தூக்கக் கலக்கத்தில், எங்கே போறியள் என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து கதிரையில் கொஞ்ச நேரம் இருந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் புறப்பட்டார். அதற்குப் பரிகாரம் அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு இயந்திரம் நின்று, படகு இரண்டு நாள் இழுபட்டு, வேறு கரைக்காரர் கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். அம்மா விளக்குமாற்றை எடுத்தார். ஊரே என்னைத் திட்டியது. இயந்திரம் பழசு என்று ஒருவரும் சொல்லவில்லை.

மச்சாள் அடம்பனில் ஒரு வயல்காரர் வீட்டுப் பெண். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் கிழமையே அவரும் அதே பிழையைச் செய்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு குசினிக்குள் வைத்து, எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முப்பது வருடமாக, கடல் என்றாலும் கடை என்றாலும், அண்ணன் படலையைத் தாண்டும்போது மச்சாள் வாய் திறந்ததில்லை.

எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அண்ணனின் வளவிலேயே ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருக்கிறேன். நானாட்டானில் ஒரு கந்தோரில் வேலை. அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற பெண் ஒரு திங்கட்கிழமை தன் கைத்தொலைபேசியை நீட்டி, மலைநாட்டில் ஒரு வனப் பூங்காவுக்குப் போய்வந்த படங்களைக் காட்டினாள். ஒரு ஏரி, ஒரு குகை, ஒரு மலை உச்சி. உச்சியில் அவள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே முகில். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன பலன்? எங்கள் தீவில் மலை என்று ஒன்றும் இல்லை. நான் ஏறிய ஆக உயரமான இடம் மாதா கோயிலின் மேல்மாடி. அதுவும் பெருநாளுக்குச் சோடனை கட்ட ஏறியது.

அண்ணனுக்கு விருப்பமே இல்லை. கடலில் நின்றால் வானம் முழுக்கத் தெரிகிறது, மலையில் ஏறி எதைப் பார்ப்பது என்றார். நான் விடவில்லை. மூன்று கிழமை அரித்தெடுத்தேன். மச்சாளும் தன் வாழ்நாளில் ஒரு குளிர் ஊரைப் பார்த்ததில்லை என்று மெதுவாக ஒரு வார்த்தை போட்டார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்துப் படகுகளெல்லாம் கரையில் கிடந்த நாட்கள். தொழில் இல்லாமல் வீட்டுக்குள் இருந்து அண்ணனுக்கும் அலுத்திருக்க வேண்டும். சரி, வாடகைக்கு ஒரு வான் பிடி என்றார்.

எங்களுக்குத் தொழில் இல்லாத காலத்தில்தானே நாங்கள் பயணம் போகலாம். அந்தச் சோளகம்தான் மலையில் மழையாகவும் பனிப்புகாராகவும் போய் மோதுகிறது என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலில் அடிக்கிற காற்று கடலோடு முடிந்துவிடுகிறது என்ற நினைப்பு. காற்றின் ஒவ்வொரு முகத்தையும் தெரிந்த அண்ணனுக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை.

பூங்கா வாசலில் ஒரு காவலர் நின்றார். மலைநாட்டுத் தமிழர், நடுத்தர வயது, நல்ல மனிதர். பாதை மூன்றாகப் பிரியும் என்று விளக்கினார். ஒன்று ஏரிக்கு, ஒன்று உச்சிக்கு, ஒன்று குகைக்கு. குகைக்குள் தனியாகப் போகக்கூடாது, நிலம் வழுக்கும், உள்ளே பள்ளம் இருக்கிறது என்றார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "யாராச்சும் பிரிஞ்சு போனீங்கன்னா, எங்க போறோம்னு மத்தவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றார். நாங்கள் மூவரும் தலையாட்டினோம். அண்ணன்தான் கூடுதலாக ஆட்டினார்.

முதலில் ஏரி. மச்சாள் அதன் கரையில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். உப்பும் இல்லை, அலையும் இல்லை, இது பெரிய வாளித் தண்ணீர் என்றார். மச்சாள் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு உச்சிக்கு ஏறினோம். ஒன்றரை மணித்தியாலம். எனக்கு மூச்சு வாங்கியது. மச்சாள் நாலு இடத்தில் இருந்து இளைப்பாறினார். அண்ணன் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மேலே போய்ச் சேர்ந்தால் ஒன்றுமே தெரியவில்லை. எங்கும் வெள்ளைப் புகார். காற்று ஆளைத் தள்ளியது. சட்டையெல்லாம் ஈரம். பக்கத்து மேசைக்காரி கை விரித்து நின்ற அதே பலகைக்கு அருகில் நானும் நின்றேன். மச்சாள் படம் எடுத்தார். படத்தில் என் முகமும் பலகையும் மட்டும் இருக்கின்றன. அண்ணன் படத்துக்கு நிற்கவில்லை. அவருக்குப் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. மெல்லிய சட்டையோடு வந்திருந்தார். கம்பளிச் சட்டை வாங்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதை எங்கே கண்டோம்?

இறங்கி வரும்போது பாதைகள் பிரிகிற இடத்தில் மச்சாள் ஒரு கல்லில் குந்தித் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து தின்னப் பணிஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு புகாருக்குள் நடந்தார். ஏரிப் பக்கமோ குகைப் பக்கமோ, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கேள்வி எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. மச்சாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் வந்தது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

இருநூறு மைல் தள்ளி, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இல்லாத மலையில், கடல்காரர் வீட்டுச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினோம். அம்மா இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

ஒதுங்கப் போயிருப்பார் என்று நினைத்து அரை மணித்தியாலம் இருந்தோம். பிறகு கூப்பிட்டோம். காற்று எங்கள் குரலை எங்கள் முகத்திலேயே அடித்தது. ஒரு மணித்தியாலம் கழித்து நான் வாசலுக்கு ஓடினேன். காவலர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு?"

சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலையா?"

மச்சாள் தலை குனிந்தார். எங்கள் ஊரில் கேட்பதில்லை என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குகைக்கா ஏரிக்கா முதலில் போவது என்று அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். நான் இடையில் புகுந்தேன். என் அண்ணன் கடல் மனிதர், தண்ணீரைத் தேடித்தான் போயிருப்பார் என்று அடித்துச் சொன்னேன். கந்தோரில் கோப்பு இருக்கிற தட்டைக் காட்டுகிறவள் மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். கூடப்பிறந்தவள் சொல்கிறாள், நம்பாமல் என்ன செய்வார்கள்? மூன்று மணித்தியாலம் ஏரியைச் சுற்றினார்கள். தடிகளால் நாணல்களை விலக்கினார்கள். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தடவினார். மச்சாள் கரையில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் துப்பிய அதே இடம்.

அதற்குப் பிறகுதான் குகைக்குப் போனார்கள். நுழைந்து இருபதடியில் பள்ளம். அதற்குள் அண்ணன் கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர். விசில் சத்தம் தூரத்தில் கேட்டதாம், திரும்பத் திரும்பக் கத்தினாராம், பிறகு குரல் போய்விட்டதாம். வெளியே தூக்கி வரும்போது உதடுகள் நீலமாக இருந்தன. என்னைப் பார்த்து மூன்றே சொல் சொன்னார்.

"ஒதுக்கம் பாத்துப் போனனான்."

காற்று மிஞ்சினால் கடல்காரன் செய்வது அது ஒன்றுதான். காற்றுப் படாத ஒரு ஒதுக்கத்தைத் தேடுவான். படகைத் தீவின் மறைவுக்குக் கொண்டுபோய் நங்கூரம் போடுவான். நான் கடல்காரர் வீட்டில் பிறந்தவள், இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். பல் கிடுகிடுக்க நின்ற மனிதர் தண்ணீரைத் தேடிப் போவாரா? ஒரு பச்சைப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். கேட்காமல் விட்டதற்காவது ஊர் வழக்கம் என்று ஒரு சாட்டு இருக்கிறது. ஏரியைக் காட்டியதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தார்கள். கூடிய நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடந்ததால் நரம்பு செத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் பார்த்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அவர் அதை என்னிடம்தான் சொன்னார். நான் மச்சாளிடம் சொல்லவில்லை. மச்சாள் தானாகக் கேட்டு அறிந்துகொண்டார். இடது கால் ஒட்டிப்போய், இரண்டு அங்குலம் கட்டையாகிவிட்டது. தரையில் ஊன்றுகோலோடு நடக்கலாம். ஆடுகிற படகில் நிற்க முடியாது. பார்க்க வந்த சனம் ஆளுக்கொரு தரம், கடலில் தப்பினவர் மலையில் விழுந்துவிட்டாரே என்றது. தாங்களே கண்டுபிடித்த வசனம் மாதிரி ஒவ்வொருவரும் சொன்னார்கள். நான் ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

போன வருடம் சோளகம் அடங்கிப் படகுகள் திரும்ப இறங்கிய முதல் காலையில், அண்ணன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையின் வாயில் போட்டு இருந்தார். வலையோடு வந்த முதல் ஆளைப் பார்த்து, "எங்க போறாய்?" என்று கேட்டார். அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாராம். அடுத்தவரிடமும் கேட்டார். அதற்கு அடுத்தவரிடமும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அதுதான் அவருடைய தொழில். சிலர் காறித் துப்பினார்கள். சிலர் முள்ளுக்குள்ளால் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். அவரோடு ஒரே படகில் இருபது வருடம் போன மனிதர் கதிரையைத் தூக்கி எறிந்தார். மறுநாள் அண்ணன் திரும்பவும் அதே இடத்தில் இருந்தார்.

கடைசியில் மீனவர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் நான் பேருந்தால் இறங்குகிற இடத்துக்கு வந்து, உன் அண்ணனை நிறுத்து, மரியாதையாகச் சொல்கிறோம் என்றார்கள். அன்று பின்னேரமே நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன். ஏன் இப்படிச் செய்கிறீர்கள், சனம் சாபம் போடுகிறது என்றேன்.

"கேளாமல் விட்டு என்னத்தைக் கண்டனீங்கள்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

நான் வளவுக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினேன். குசினிக்குள் மச்சாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிற்று.

இப்போது ஊர் பழகிவிட்டது. இளசுகள் சிலர் சிரித்துக்கொண்டு, "கடலுக்கு, அண்ணை, பத்து மணிக்கு வருவம்" என்று சொல்லிவிட்டே போகிறார்கள். அவர் தலையாட்டுவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கேட்கிறார். ஐஸ் ஏற்றிவருகிற லொறிக்காரனிடம் கேட்கிறார். பூசைக்குப் போகிற சுவாமியிடமே கேட்டுவிட்டார்.

எங்கள் இரண்டு பேரிடமும் மட்டும் கேட்பதில்லை. மச்சாள் சந்தைக்குப் போகும்போது அவர் கடலைப் பார்ப்பார். நான் கைப்பையோடு நானாட்டான் பேருந்துக்கு வெளிக்கிட்டு வரும்போதும் கடலைத்தான் பார்ப்பார். அந்தக் கதிரையடியில் வந்ததும் என் நடை தானாகவே மெதுவாகிவிடும். செருப்பைச் சரி செய்கிற சாட்டில் குனிந்து நிற்பேன். பேருந்தைக்கூட இரண்டு தரம் விட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் போனவரிடம் கேட்பார், பின்னால் வருகிறவரிடம் கேட்பார்.

போன கிழமை எனக்குப் பொறுக்க முடியவில்லை. அவருக்கு நேரே போய் நின்று, நானாகவே சொன்னேன்.

"கந்தோருக்குப் போறன், அண்ணை. அஞ்சு மணிக்கு வந்திடுவன்."

அவர் கடலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நான் கேட்டனானோ?" என்றார்.