துரையின் ரயிலுக்கு ஒரு பற்சக்கரம்

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பித்தளைப் பற்சக்கரம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி வாசலில் நின்ற பிட்டர் அண்ணனின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மகிழ்ச்சியில்லை, அலுப்புதான் தெரிந்தது. அதற்கு முன் அராவிய இரண்டு சக்கரங்களும் பல் உடைந்து வீணாகியிருந்தன.

ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கையில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். பிட்டர் அண்ணன் ஃபேக்டரி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் என்னை ஐயா என்றே அழைப்பார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம், அவர் சின்ன வயதில் விளையாடிய, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் ஒன்று இருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்தபோது ரயில் தப்பிவிட்டது. கூட இருந்த கைகாட்டி மரமும் ரயில்வே கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் நொறுங்கிவிட்டன. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம். பிட்டரைக் கேட்டுப் பார் என்றார் துரை. கேட்கப் போனவன் நான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வாரம் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது. தேயிலைப் பெட்டியின் விளிம்பில் அடிக்கும் தகரப் பட்டையை வெட்டிக் கைகாட்டிக்குக் கை செய்தார். டொபி மிட்டாய் சுற்றி வரும் சிவப்பு, பச்சைத் தாள்கள் அதன் விளக்குக்குக் கண்ணாடியாயின. பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை உருக்கித் தொட்டிக்குக் குழாய் வார்த்தார். கை எவ்வளவு சாயும் என்று பார்க்க றொசல்ல ஸ்டேஷன் வரை நடந்து போய் வந்தார். பற்சக்கரம், கேட்டைத் திறந்து மூட.

"ஞாயித்துக்கெழமையாவது படுக்கலாமே அண்ணே" என்றேன் ஒருநாள்.

"படுத்தா தூக்கம் எங்கங்கய்யா வருது? பிரஜாவுரிமைக் கடுதாசிதான் கண்ணு முன்னால நிக்குது."

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரிடம், இத்தனை வருடம் விடாமல் இந்த நாட்டில் இருந்ததற்குச் சாட்சி கேட்டிருந்தார்கள். தோட்டத்தின் பழைய பதிவுகள் மழையில் ஊறிக் கெட்டுப்போயிருந்தன. துரை ஒரு கடிதம் தந்தால் போதும் என்று அவர் நம்பினார். என் விண்ணப்பம் அதற்குள் தேறியிருந்தது.

"தொரைகிட்ட கேட்டாச்சா?"

"சாமான் முடியட்டுங்க. அரைகுறையா வச்சிக்கிட்டு எப்புடிக் கேக்குறது?"

ஏழாவது ஞாயிறு பங்களாவில் ரயில் ஓடியது. கேட் மூடியது, கை இறங்கியது. துரை தரையில் மண்டியிட்டுச் சிரித்தார். பிட்டர் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடிதத்தைக் கேட்டார். துரை உடனே சம்மதித்தார்.

மறுநாள் துரை இங்கிலீசில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'இவர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இத்தோட்டத்தில் வசிக்கிறார், எனக்குத் தெரிந்தவரை.' துரை வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பொய் சொல்ல விரும்பாத மனிதர். அந்தக் கடைசிச் சொற்களில் என் விரல் தயங்கியது. அவற்றை விட்டிருந்தால் துரை கவனித்திருக்கமாட்டார், வாசிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார். ஆனாலும் சொன்னபடியே அடித்தேன்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. சாட்சி போதாது என்று எழுதியிருந்தார்கள். பிட்டர் அண்ணன் யாரையும் நொந்துகொள்ளவில்லை. சில வருடம் பார்த்துவிட்டு, இந்தியாவுக்கே போவதாக எழுதிக் கொடுத்தார்.

புறப்படுகிற காலையில் பெட்டியைத் தூக்க உதவப் போனேன். மனைவி குழந்தைகளோடு தொழிலாளர் லயத்து வாசலில் நின்றார். அன்றுதான் அந்தக் கடைசிச் சொற்களைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியுங்கய்யா. இங்கிலீசு தெரிஞ்ச ஒருத்தர் அப்பவே வாசிச்சுச் சொன்னாரு."

"ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு என்னங்க ஆகப் போவுது? நீங்களும் வேலை போயிருமேன்னு பயந்தவருதானே, என்னையப் போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

அவர்கள் ஸ்டேஷனுக்கு இறங்கினார்கள். நான் ஆபீசுக்கு ஏறினேன். பெயர்ப் பட்டியலில் போனவர்களின் பெயரை அடித்து நீக்குவது என் வேலை. சிவப்பு மையும் அடிக்கோலும் எடுத்து, அவர் பெயரின் மேல் கோணாமல் ஒரு கோடு போட்டேன்.