மல்லிகைத் தேயிலை

நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளுக்கான தேயிலைக் கடை அது. விற்பனைப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். "மல்லிகைப்பூ போட்ட தேயிலை, அக்கா. அரோமாவைப் பாருங்க."

மல்லிகை வாசனைதான். அந்த டீமேக்கரின் முகம் நினைவுக்கு வந்து எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரிக்கு அவர்தான் பொறுப்பு. அம்மா அங்கே தூள் சலித்தாள். தீபாவளிக்கு மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகும் வழியில் நானும் அவளோடு பெக்டரி வாசல்வரை போனேன். அவர் வழியை மறித்தார்.

"பூவை எடுத்துப் போடு. தேயிலைக்கு ஸ்மெல் புடிச்சிரும்."

"நேத்து வச்ச பூங்கய்யா. வாசமே போயிருச்சு."

"ஸ்மெல்" என்றார் மறுபடியும், மூக்கைச் சுளித்துக்கொண்டு. அவர் சட்டையில் பூசியிருந்த சென்ட் வாசல் முழுக்க அடித்தது. அதைத் தேயிலை பொறுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அம்மா பூவை உருவி வாசலோரச் சாக்கடைக் கானில் போட்டாள். சாயந்தரம் லயத்து வீட்டில் என்னிடம் கேட்டாள்: "ஸ்மெல்லுன்னா என்னா பாப்பா?"

என் நாலாம் ஆண்டு ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் மணம் என்றுதான் இருந்தது. அவர் சொன்ன விதத்தில் மணம் இல்லை. "நாத்தம்" என்றேன். அதன் பிறகு அவள் கோயிலுக்குப் போகும்போதுகூடப் பூ வைக்கவில்லை. அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

டப்பாவை மூடிவிட்டு, அந்தப் பெண்ணின் வெறும் கொண்டையைப் பார்த்தேன். "நீ பூ வைக்கிறதில்லையா?"

"கடைக்குள்ள விட மாட்டாங்கக்கா" என்றாள். "அரோமா கெட்டுப் போயிருமாம்."